நடுவில் விழுந்த பந்து

மஞ்சக்குப்பம் மைதானத்தில் இன்னும் ஈரம்.
நெய்வேலிக்காரிகளுக்கு ஒரே மாதிரி ஷூ, ஒரே மாதிரி பை.
எங்களில் இரண்டு பேர் வெறுங்கால்.

பயிற்சியாளர் வரவில்லை.
அவர் ஏறிய பஸ் குறிஞ்சிப்பாடிக்கு இந்தப் பக்கம்
டயர் வெடித்து நிற்கிறதாம்.
"கேப்டன் யாரு?"
நடுவர் பேனாவைத் திறந்தார்.
சுகிர்தா ரிஸ்வானாவைப் பார்த்தாள்,
ரிஸ்வானா அஞ்சலாட்சியைப் பார்த்தாள்,
அஞ்சலாட்சி தன் முழங்கால் பிளாஸ்திரியைப் பார்த்தாள்.
நான் வானத்தைப் பார்த்தேன்.
அங்கே யாரும் இல்லை.
"சீக்கிரம்மா, வெயில் ஏறுது."
எப்படியோ என் பெயர் எழுதப்பட்டது.
எழுதப்பட்டது, கவனியுங்கள்.
நான் கேட்டு எழுதவில்லை.

கேப்டன் சட்டையில் எண்ணுக்கு அடியில் கோடு வேண்டுமாம்.
அஞ்சலாட்சி முழங்காலிலிருந்து உரித்து
என் நெஞ்சில் ஒட்டினாள்.
ஒரு முனையில் கொஞ்சம் ரத்தக் கறை.

முதல் செட். பதினொன்றுக்கு ஒன்பது.
பந்து உயரமாக, அவசரமே இல்லாமல் வந்தது,
எனக்கும் ரிஸ்வானாவுக்கும் நடுவில்.
அவள் எடுப்பாள் என்று நானும்
நான் எடுப்பேன் என்று அவளும்.
பந்து மண்ணில் விழும் சத்தம்
தலையணை விழுவது போல
அத்தனை மென்மை.

எவ்வளவு நல்ல பிள்ளைகள் நாங்கள்!
ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தோம்.
வஞ்சிரத்தின் நடுத்துண்டை விட்டுக்கொடுத்தோம்.
பாலிடெக்னிக் பீஸைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு
சுகிர்தா தையல் வகுப்புக்குப் போகிறாள்.
"விட்டுக்கொடுத்துப் போற பொண்ணு" என்று
பெண் பார்க்க வந்தவர்களிடம்
அப்பா என் அக்காவைச் சொன்னபோது
பதக்கம் போல மின்னியது அந்தச் சொல்.
இங்கே அதற்குப் பெயர்
எதிரணிக்கு ஒரு பாயின்ட்.

மூன்று முறை அப்படியே போனது.
நான்காவதில் டைம் கேட்டேன்.
முப்பது விநாடி. என்ன சொல்ல?
நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை.
"கத்துங்கடி. பந்து வந்தா 'நான்'னு கத்துங்க.
தப்பா எடுத்தாலும் பரவால்ல.
யாருமே எடுக்காம விழக் கூடாது."
"பசங்க பார்க்கிறாங்கடி" என்றாள் சுகிர்தா.
வேலிக்கு வெளியே நாலைந்து பைக்.
"பார்க்கட்டும். அவனுங்களா வந்து எடுக்கப் போறானுங்க?"
யார் பேசியது என்று
நானே ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

முதல் "நான்" என்னுடையது.
மீன்முள் சிக்கிய தொண்டையிலிருந்து வந்தது,
பாதி இருமல்.
கையில் பட்ட பந்து வேலியைத் தாண்டி
ஒரு பைக் சீட்டில் போய் உட்கார்ந்தது.
சிரித்தார்கள்.
அடுத்தது: "நான்!"
அதற்கடுத்து அஞ்சலாட்சி.
துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற அம்மாவின் குரலை
இத்தனை நாள் எங்கே மடித்து வைத்திருந்தாள் இவள்?

நான் என்பது அகந்தை என்று
பள்ளிச் சுவரில் எழுதியிருந்தது.
இருக்கலாம்.
ஆனால் ஒருத்தி "நான்" என்றதும்தான்
மற்ற ஐந்து பேருக்கும்
தாங்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தது.

ஒருமுறை நானும் ரிஸ்வானாவும் சேர்ந்தே கத்தி
நெற்றியோடு நெற்றி மோதிக்கொண்டோம்.
அதற்கும் இனிப் பழக வேண்டும்.

தோற்றோம்.
மூன்றாம் செட்டில், பதினைந்துக்குப் பதின்மூன்று.
சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கதையை மாற்ற வேண்டாம்.
ஆனால் அந்த செட்டில் ஒரு பந்துகூடக்
கேட்பாரற்று விழவில்லை.

முதுநகர் டவுன் பஸ்.
எல்லாருக்கும் இலவச டிக்கெட்தான்,
எண்ணிக்கை சொல்ல மட்டும் ஒருத்தி வேண்டும்.
"யாரும்மா பொறுப்பு?" என்றார் நடத்துனர்.
"நான்!"
மூன்று பக்கத்திலிருந்து மூன்று குரல்.
நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டே சிரித்தேன்.

கெடிலம் பாலம் வந்தது.
ஜன்னல் சீட்டில் சுகிர்தா.
யாருக்கும் எழுந்து கொடுக்கவில்லை.
கண்ணாடியில் நெற்றியை வைத்து,
வீட்டில் யாரிடமோ சொல்வதற்கு முன்
ஒத்திகை பார்ப்பவள் போல,
உதடு மட்டும் அசைய
திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்
அந்த இரண்டெழுத்தை.